மலை சரிந்த பின் எந்தச் சங்கீதம்? இடுக்கி, பாலக்காடு எல்லைத் தமிழரிடையே நம்பிக்கையும் முறையீடும்

1. கேள்வி

2020 ஆகஸ்ட் 6 இரவு பத்தே முக்கால் மணியளவில், மூணாற்றை அடுத்த ராஜமலைப் பக்கம், நயமக்காடு எஸ்டேட்டின் பெட்டிமுடி டிவிஷனில் மலை சரிந்தது. லயங்கள் எனப்படும் தொழிலாளர் வரிசைவீடுகள் நான்கு மண்ணோடும் பாறையோடும் அடித்துச் செல்லப்பட்டன. அன்று ஒரே நாளில் 600 மி.மீ.க்கு மேல் மழை கொட்டியிருந்தது. மின்சாரம் இல்லை, தொலைபேசித் தொடர்பும் இல்லை. செய்தி வெளியே வந்தது மறுநாள் காலையில்தான். எழுபது பேர் மாண்டார்கள். அவர்களில் நால்வரின் உடல்கள் கடைசிவரை கிடைக்கவில்லை. இறந்தவர்களில் பெரும்பாலோர் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாற்றைப் பூர்வீகமாகக் கொண்ட தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர், தலைமுறை தலைமுறையாக அந்த மலையில் கொழுந்து பறித்தவர்கள்.

இப்படிப்பட்ட நாட்களில் கிறிஸ்தவர் கைக்கு முதலில் வருவது சங்கீதப் புத்தகம். கத்தோலிக்கர் அதைத் திருப்பாடல்கள் என்பர். நூற்றைம்பது பாடல்களில் துக்க வீட்டில் திரும்பத் திரும்ப எடுக்கப்படுபவை விரல்விட்டு எண்ணக்கூடியவை: மேய்ப்பனைப் பற்றிய 23, அடைக்கலம் பற்றிய 46, பாதுகாப்பு பற்றிய 91, மலைகளை ஏறெடுத்துப் பார்க்கும் 121. லயத்து வீட்டின் முன்னறைச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் அச்சாகியிருப்பதும் அநேகமாக இவற்றில் ஒன்றன் வரியாகத்தான் இருக்கும்.

இக்கட்டுரை எழுப்பும் கேள்வி ஒன்றே. துன்பகாலத்தில் சங்கீதங்கள் தரும் நம்பிக்கை எங்கிருந்து பிறக்கிறது? ‘உனக்குத் தீங்கு நேராது’ என்ற வகை உறுதிமொழிகளிலிருந்தா, ‘ஏன் என்னைக் கைவிட்டாய்’ என்ற வகை முறையீடுகளிலிருந்தா? பொதுவான புரிதல் முதலாவதைச் சொல்கிறது. நூலின் அமைப்பும், சுவிசேஷங்கள் அதைக் கையாளும் விதமும், மலைத் தோட்டங்களின் அனுபவமும் இரண்டாவதையே சுட்டுகின்றன என்பது என் வாதம். பெட்டிமுடியில் இறந்தவர்களின் மதக் கணக்கு இதற்குத் தேவையில்லை. தோட்டத் தமிழர்களில் பெரும்பான்மையோர் இந்துக்கள். அவர்களுக்கு அடுத்த கதவில் வாழும் கிறிஸ்தவர்கள், அந்தத் துயரை முன்னால் வைத்துக்கொண்டு தங்கள் வேதநூலை எப்படி வாசிக்க முடியும் என்பதுதான் இங்கே ஆராயப்படுகிறது.

2. மலைக்கு வந்த நூல்

தமிழில் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் 1714-15இல் அச்சேறியது. சீகன்பால்கு பழைய ஏற்பாட்டை ரூத்தின் நூல்வரை மொழிபெயர்த்துவிட்டு 1719இல் மறைந்தார். எஞ்சிய பகுதியை, சங்கீதங்கள் உட்பட, பெஞ்சமின் சூல்ட்சே முடித்தார். பின்னர் பபிரிசியுவின் உழைப்பும், 1871இல் ஹென்றி பவர் தலைமையிலான குழுவின் மொழிபெயர்ப்பும் வந்தன. சீர்திருத்தச் சபைகளில் இன்றும் மனப்பாடமாக ஒலிப்பது அந்த 1871 மரபுதான். கத்தோலிக்கர் கையில் இன்று பரவலாக இருப்பது 1995இல் வெளிவந்த திருவிவிலியம்.

நூல் மலைக்கு வந்தது வேறு வழியில். 1877இல் ஜான் டேனியல் மன்றோ, பூஞ்ஞாறு அரசரிடம் கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். காட்டை அழிக்கவும் செடி நடவும் ஆள் வேண்டியிருந்தது. கங்காணிகள் திருநெல்வேலிச் சீமையிலும் மதுரைப் பக்கமும் முன்பணம் கொடுத்து ஆள் திரட்டினார்கள். திருநெல்வேலியில் அதற்குள் கிறிஸ்தவம் வேரூன்றியிருந்தது. பஞ்சத்தாலும் கடனாலும் மலையேறியவர்களில் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். அன்றைய மலைத்தோட்ட வாழ்வு எப்படி இருந்தது என்பதற்கு மருத்துவர் பி. எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய ‘ரெட் டீ’ நாவல் முக்கியமான சாட்சியம். இரா. முருகவேள் அதை ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழாக்கினார். வால்பாறையைக் களமாகக் கொண்டதாயினும், ஆனைமலையின் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் பொதுவான கதை அது. காய்ச்சலும் குளிரும் அடியும், ஊர் திரும்ப விடாத கடனும் அதில் பதிவாகியுள்ளன.

மூணாற்றின் சி.எஸ்.ஐ. கிறிஸ்து ஆலயத்தின் வரலாறு இங்கே கவனிக்கத்தக்கது. அந்தக் குன்றில் ஆலயத்துக்கு முன்பே கல்லறை வந்துவிட்டது. காலராவில் இறந்த தோட்டத்துரை ஒருவரின் இளம் மனைவி 1894இல் அங்கே அடக்கம் செய்யப்பட்டார். ஆலயம் எழும்பியது 1910-11இல். கத்தோலிக்கரின் கார்மல் மாதா ஆலயம் 1898இல் தொடங்கப்பட்டது. மலையில் கிறிஸ்தவ வழிபாடு மரணத்தின் பக்கத்திலேயே உருவானது என்பதை இந்த ஆண்டுகளே சொல்லிவிடுகின்றன. 1924 ஜூலைப் பெருவெள்ளம் மூணாற்றைச் சூறையாடியது. குண்டளைப் பள்ளத்தாக்கின் ரயில் பாதை திரும்ப எழவே இல்லை. 2018, 2019, 2020 என அடுத்தடுத்து வந்த மழைக்காலங்கள் அந்த நீண்ட வரிசையின் தொடர்ச்சி.

பாலக்காட்டின் கிழக்கு எல்லை வேறு நிலம். கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, வேலந்தாவளம் ஆகியவை தமிழ் பேசும் வேளாண் ஊர்கள், மழை குறைந்த பூமி. இங்குள்ள லத்தீன் முறைக் கத்தோலிக்கப் பங்குகள் நெடுங்காலம் கோயம்புத்தூர் மறைமாவட்டத்தில் இருந்தன. 2013 டிசம்பரில் பாலக்காடு மாவட்டத்துக்கெனச் சுல்தான்பேட்டை மறைமாவட்டம் உருவாக்கப்பட்டது.

இரு பகுதிகளையும் இணைப்பது மொழி எல்லை. 1956 நவம்பர் 1க்கு முன் தேவிகுளமும் பீர்மேடும் சித்தூரும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில், பாலக்காடு சென்னை மாநிலத்து மலபாரில் இருந்தன. கோடு வரையப்பட்டபோது இந்தத் தமிழர்கள் கேரளத்தின் சிறுபான்மையினர் ஆனார்கள். இதனால் பாபிலோன் ஆற்றங்கரையில் அழுத நாடுகடத்தப்பட்டோரின் 137ஆம் சங்கீதத்தை இவர்களுக்குப் பொருத்திப் பேசும் ஆசை எழுகிறது. அந்த ஒப்புமை தவறு என்று நினைக்கிறேன். சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்கள் அல்லர் இவர்கள். மாநிலம் பிறப்பதற்கு முன்பே அந்த மண்ணில் இருந்தவர்கள். ‘அந்நிய தேசம்’ என்ற படிமத்தை அவர்கள்மேல் ஏற்றுவது, அவர்களுக்கு அங்கே உரிமையில்லை என்று சொல்பவர்களின் வாதத்துக்கே துணைபோகும். இவர்கள் துயருக்கு உரிய சங்கீதம் வேறு. அதைப் பின்னர் பார்ப்போம்.

3. ஆய்வாளர் கண்டது

சங்கீதங்களை வகைபிரித்து வாசிக்கும் நவீன முறையைத் தொடங்கியவர் ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் குங்கல். துதிப்பாடல், நன்றிப்பாடல், தனிமனிதப் புலம்பல், சமூகப் புலம்பல் என்று அவர் பிரித்தபோது ஓர் உண்மை வெளிப்பட்டது: நூலில் மிகப் பெரிய வகை புலம்பல்தான். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. துதியின் நூல் என்று எபிரேய மரபு பெயரிட்ட தொகுப்பு, இவ்வளவு அழுகையைத் தன்னுள் வைத்திருக்கிறது.

வால்டர் புருகெமன் 1980களில் இதை மேலும் கொண்டுசென்றார். வாழ்வு சீராக இருக்கும்போது பாடுபவை, எல்லாம் குலைந்தபோது பாடுபவை, எதிர்பாராத புதுநிலையில் பாடுபவை என்று சங்கீதங்களை மூன்றாகக் கண்டார். திருச்சபை முதல் வகையிலேயே தங்கிவிட்டதால் என்ன இழந்தது என்று 1986இல் எழுதிய கட்டுரையில் கேட்டார். முறையிட அனுமதி இல்லாத பக்தன் ஆமாம் சாமி போடுபவனாக மாறுகிறான், நீதியைப் பற்றிய கேள்வியே வழிபாட்டிலிருந்து மறைந்துபோகிறது என்பது அவருடைய விடை.

புலம்பல் சங்கீதங்களில் ஒரு புதிர் உண்டு. 13ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்வோம். ஆறே வசனங்கள். முதல் இரண்டில், இன்னும் எத்தனை காலம் என்ற பொருளில் நான்கு முறை கடவுளிடம் கேள்வி போகிறது. மூன்றும் நான்கும் விண்ணப்பம். ஐந்திலும் ஆறிலும் திடீரென்று நம்பிக்கையும் பாட்டும். இடையில் என்ன நடந்தது? ஆலயத்தில் குரு ஒருவர் இறைவாக்கு உரைத்திருப்பார் என்று யோவாகிம் பெக்ரிக் 1934இல் விளக்கினார். அந்த வாக்கு பெரும்பாலான சங்கீதங்களில் எழுதப்படவில்லை என்பது இவ்விளக்கத்தின் பலவீனம்.

எனக்கு இதைவிட முக்கியமாகத் தோன்றுவது பிலிப்பைன்ஸ் அறிஞர் பெதரிகோ வில்லனுவேவா 2008இல் காட்டியது. புலம்பல் எப்போதும் துதியில் முடியும் என்ற பொதுக்கருத்தை அவர் மறுத்தார். 27ஆம் சங்கீதம் உறுதியான நம்பிக்கையில் தொடங்கிக் கெஞ்சலுக்கு இறங்குகிறது. 40, நன்றி சொல்லி முடித்தபின் மீண்டும் அபயக்குரல் எழுப்புகிறது. அழுகையிலிருந்து ஆறுதலுக்கு ஒருவழிப்பாதை இல்லை. புயலும் வெள்ளமும் ஓயாத நாட்டிலிருந்து வந்தவர் இதைக் கண்டுகொண்டது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. ஆண்டுதோறும் மழைக்காலத்தில் மேல்சரிவை அண்ணாந்து பார்த்தபடி தூங்கப்போகும் மலைவாசிக்கும் இது புரியும். சென்ற ஆண்டு நன்றி சொன்ன வாயால் இந்த ஆண்டு கதற வேண்டியிருக்கிறது.

இவற்றின் எல்லையில் நிற்பது 88. ஏமான் பெயரால் வழங்கும் அந்தப் பாடலில் திருப்பம் என்பதே இல்லை. இரவும் பகலும் கூப்பிட்டவன், நண்பர்களும் விலக்கப்பட்ட நிலையில், இருளோடு முடிக்கிறான். ஆறுதல் வரி ஒன்றுகூட ஒட்டவைக்காமல் இதைத் தொகுப்பாளர்கள் வேதநூலில் சேர்த்திருக்கிறார்கள். அதில் நம்பிக்கை எங்கே என்று கேட்டால், பதில் அதன் இலக்கணத்தில் இருக்கிறது: கடைசி வரியும் கடவுளை நோக்கியே பேசப்படுகிறது. முகம் கொடுக்காத ஒருவரிடம் தொடர்ந்து முறையிடுவதுதான் அங்கே நம்பிக்கையின் வடிவம்.

தமிழ்ப் பக்தி மரபுக்கு இது புதிதன்று. சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறித் திருவொற்றியூரை விட்டுச் சென்று கண்ணிழந்த சுந்தரர், வழிநெடுக இறைவனையே குத்திக்காட்டிப் பாடிக்கொண்டு திருவாரூர் போனார். அந்தக் கோபத்தைச் சைவர்கள் தேவாரத்திலிருந்து நீக்கிவிடவில்லை, ஓதுகிறார்கள். சிறுதெய்வக் கோயில் வாசலில் மண்ணை வாரித் தூற்றி நியாயம் கேட்கும் பெண்ணையும் நம் ஊர்கள் அறியும். கடவுளோடு வழக்காடுவது பக்தியின் ஒரு நிலை என்று ஏற்ற சமூகத்தில், சங்கீதங்களின் வழக்கைக் கேட்கக் கிறிஸ்தவத் தமிழர்கள் ஏன் தயங்க வேண்டும்? மிஷனரி காலம் ஒப்பாரியை அவிசுவாசத்தின் அடையாளமாகப் பார்த்து ஒடுக்கியதன் நீண்ட விளைவு அது என்பது என் ஊகம். அந்தத் தளையை உடைக்க முயன்றவர்களில் மதுரை அரசரடி இறையியல் கல்லூரியின் தியோபிலஸ் அப்பாவு குறிப்பிடத்தக்கவர். நாட்டுப்புற இசையிலும் பேச்சுத் தமிழிலும் வழிபாட்டைத் திரும்ப எழுதினார் அவர். பரட்டை அண்ணன் என்று அழைக்கப்பட்ட அவர் 2005இல் மறைந்தார். அவர் திறந்த வாசலில் இன்னும் போதிய பேர் நுழையவில்லை.

4. தொண்ணூற்றொன்றை மேற்கோள் காட்டியவன்

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தபோது குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு, வாளையாறு வழிகள் அடைபட்டன. நாள்தோறும் தேனி மாவட்டத்திலிருந்து ஜீப்பில் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்களின் கூலி நின்றது. அந்த மாதங்களில் உலகெங்கும், தமிழிலும், அதிகமாகப் பகிரப்பட்ட வேதபகுதிகளில் ஒன்று 91. கொள்ளைநோய் உன் கூடாரத்தை நெருங்காது என்ற பொருளில் பேசும் சங்கீதம் அது.

நோய் நெருங்கியது. ஜெபித்தவர்களையும் நெருங்கியது. அப்படியானால் சங்கீதம் பொய்யா, இறந்தவரின் விசுவாசம் குறைவா? உறுதிமொழியாக மட்டும் வாசித்தால் இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். பலர் இரண்டாவதைத் தேர்ந்தார்கள். துக்கத்தில் இருப்பவர்மேல் குற்றத்தையும் ஏற்றிவைத்த அந்தப் பிரசங்கங்களை மன்னிப்பது எளிதன்று.

சுவிசேஷங்களே இதற்கு எச்சரிக்கை தருகின்றன. மத்தேயு 4ஆம் அதிகாரத்திலும் லூக்கா 4ஆம் அதிகாரத்திலும் சோதனைக் காட்சி வருகிறது. தேவாலய உச்சியிலிருந்து குதித்துப்பார், தூதர்கள் தாங்குவார்கள் என்று 91ஆம் சங்கீதத்தை மேற்கோள் காட்டுபவன் சாத்தான். அதை உத்தரவாதப் பத்திரமாக எடுத்துக்கொள்ள இயேசு மறுக்கிறார். அதே இயேசு சிலுவையில் எடுத்துக்கொள்வது, மாற்கும் மத்தேயுவும் சொல்கிறபடி, 22ஆம் சங்கீதத்தின் முதல் வரியை, அதாவது கைவிடப்பட்டவனின் கேள்வியை. லூக்காவில் அவர் சொல்வது 31ஆம் சங்கீதத்தின் ஒப்படைப்பு; அதுவும் புலம்பலின் நடுவே வரும் வரிதான். சாவின் விளிம்பில் எந்தச் சங்கீதம் என்ற கேள்விக்குச் சுவிசேஷங்கள் தரும் விடையாக இதைக் கொள்ளலாம்.

இதனால் 91ஐக் கிழித்தெறிய வேண்டியதில்லை. ஆபத்திலிருந்து தப்பியவன் நன்றியோடு பாடும்போது அது உண்மை. மாண்டவன் வீட்டில் அதை விதியாகப் போதிக்கும்போது கொடுமை. பாடல் ஒன்றுதான், பாடும் வாயும் இடமும் அதன் பொருளை மாற்றுகின்றன.

5. மலைகளை நோக்கி

121ஆம் சங்கீதம் எருசலேமுக்கு யாத்திரை போனவர்களின் பாடல்களில் ஒன்று. மலைகளை ஏறெடுத்துப் பார்க்கிறவன், உதவி எங்கிருந்து வரும் என்று கேட்கிறான். மலையே உதவியின் ஊற்று என்று பலர் எடுத்துக்கொள்வர். சுற்றுலாப் படங்களில் மூணாற்றுப் பசுஞ்சரிவின்மேல் அந்த வரியை அச்சிடுவதும் அதனால்தான். ஆனால் உரையாசிரியர்களிடையே நெடுநாள் விவாதம் உண்டு. அந்த மலைகள் சீயோனைக் குறிக்கலாம். கள்வரும் விபத்தும் பதுங்கியிருக்கும் வழிமலைகளாகவும், அந்நிய தெய்வங்களின் மேடைகளாகவும் இருக்கலாம். இரண்டாம் வாசிப்பில் அந்தப் பார்வை பயந்தவனின் பார்வை. மலை உதவாது, மலையைப் படைத்தவரே உதவ வேண்டும் என்பது அடுத்த வசனத்தின் தெளிவு.

லயத்தில் வாழ்கிறவருக்கு இரண்டாம் வாசிப்பே இயல்பானது. மலை அவருக்கு வேலையிடம், காலைப்பனி, அட்டைக்கடி, யானை வரும் வழி, ஆடி மாதத்து அச்சம். அதே சங்கீதம் காவல்காப்பவர் உறங்குவதில்லை என்றும் சொல்கிறது. பெட்டிமுடியில் சரிவு வந்தது உறங்கும் நேரத்தில். இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லத் துணியாத எந்தப் பிரசங்கமும் அந்த மலையில் 121ஐ வாசிக்கத் தகுதியற்றது. உறங்காதவரே, அன்றிரவு எங்கிருந்தீர் என்ற கேள்வி அவிசுவாசம் ஆகாது. 44ஆம் சங்கீதம், ஏன் தூங்குகிறீர், எழும்பும் என்ற பொருளில் நேராகவே கடவுளைக் கேட்கிறது. 121ம் 44ம் ஒரே நூலுக்குள் இருக்கின்றன.

46 இன்னும் கூர்மையானது. பூமி நிலைமாறினாலும், மலைகள் பெயர்ந்து கடலின் நடுவே சாய்ந்தாலும் பயமில்லை என்ற பொருளில் தொடங்குகிறது. சமவெளியில் இருப்பவருக்கு அது கற்பனையின் உச்சம். பெட்டிமுடிக்கும், 2024 ஜூலை 30 அதிகாலையில் மண்ணுக்குள் போன வயநாட்டு முண்டக்கை, சூரல்மலைக்கும் அது நடந்த செய்தி. இங்கே அதை உருவகமாக வாசிக்க முடியாது. ‘பயமில்லை’ என்ற சொல்லைப் பிழைத்தவர்மேல் கட்டளையாகச் சுமத்தவும் கூடாது. அந்தச் சொல்லுக்குப் போகும் வழியில் இன்னொரு சங்கீதத்தைக் கடக்க வேண்டியிருக்கிறது.

அது 69. தண்ணீர் கழுத்துமட்டும் வந்துவிட்டது, கால்வைக்க இடமில்லாத சேற்றில் அமிழ்கிறேன், கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறண்டுபோயிற்று என்ற பொருளில் அது தொடங்குகிறது. பாறையும் சேறும் கலந்த பரப்பில், ஆற்றோடு கிலோமீட்டர் கணக்கில், வாரக்கணக்கில் உடல்களைத் தேடிய மலைக்கு இதைவிட நெருங்கிய வரிகள் விவிலியத்தில் இல்லை என்பேன். கூப்பிட்டும் கேட்க ஆளில்லாமல் விடியும்வரை கிடந்தவர்களின் தொண்டையும் அந்தச் சங்கீதத்தின் தொண்டையும் ஒன்று. பெரிய வெள்ளி மாலைக்கென ஆங்கிலிக்கன் மன்றாட்டு நூல் குறித்துவைத்த சங்கீதங்கள் 69ம் 88ம் என்பது தற்செயலன்று. அந்த மரபின் வாரிசுகளில் ஒன்று 1947இல் பிறந்த தென்னிந்தியத் திருச்சபை. கத்தோலிக்கரின் அன்றாடச் செபநூலான திருப்புகழ்மாலையில் 88 வெள்ளிக்கிழமை இரவுச் செபத்தில் இடம்பெறுகிறது. குருக்களும் துறவியரும் அதைச் சொல்கிறார்கள். ஞாயிறு திருப்பலிக்கு வரும் மக்கள் காதில் அது விழுவது அரிது. 1971இல் அந்த மாலை திருத்தப்பட்டபோது 58, 83, 109 ஆகிய மூன்று சாபச் சங்கீதங்கள் முழுதாக விடப்பட்டன. நிறுவனங்கள் கோபத்தை எப்படிக் கத்தரிக்கின்றன என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

6. உறைவிடம் என்ற சொல்லின் கனம்

மலைத் தமிழரின் துயருக்கு உரிய சங்கீதம் என்று மேலே சொன்னது 90. மோசேயின் பெயரால் வழங்குவது. ஆங்கிலிக்கன் அடக்க ஆராதனையின் பழைய சங்கீதம். தலைமுறை தலைமுறையாக இறைவனே எங்கள் உறைவிடம் என்பது அதன் முதல் கருத்து. மனிதன் காலையில் தளிர்த்து மாலையில் உலரும் புல் என்பது அடுத்தது.

தோட்டத் தொழிலாளியின் வீட்டு நிலையை அறிந்தவர் இதைச் சாதாரணமாக வாசிக்க முடியாது. லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. ஓய்வு பெறும்போது குடும்பத்தில் இன்னொருவர் தோட்ட வேலையில் இல்லாவிட்டால் காலிசெய்ய வேண்டும். ஐந்தாம் தலைமுறைப் பேரன் பிறந்த அறையும் அவனுடையதன்று. ஒரு சமையலிடம், ஓர் அறை, முன்னால் சிறு திண்ணை, பக்கத்து வீட்டுக்குப் பொதுச்சுவர், பின்னால் மண்மேடு: இவ்வளவுதான் லயம். நிலமில்லாதவர்களுக்குச் சரிவுக்குக் கீழே இடம் ஒதுக்கப்பட்டால், மறுத்து வேறு இடம் கேட்க வழியில்லை. பெட்டிமுடியில் மழை கொன்றது உண்மை. ஆட்கள் அந்த மழையின் பாதையில் படுத்திருக்க நேர்ந்ததற்குக் காரணம் நூறாண்டு நிலவுடைமை.

இந்த நிலையில் ‘இறைவனே உறைவிடம்’ என்பது இரண்டு விதமாகப் பொருள்படும். வீடு கேட்காதே, கடவுள் போதும் என்பது ஒன்று. எந்தக் கம்பெனியும் அரசும் எங்கள் இருப்பின் இறுதி உரிமையாளர் அல்ல என்பது இன்னொன்று. 90இன் முடிவு இரண்டாவதையே ஆதரிக்கிறது. எங்கள் கைவேலையை நிலைப்படுத்தும் என்று இரண்டு முறை கேட்டு முடிகிறது அந்தப் பாடல். செடி நட்டுப் பராமரித்த கைகள், தங்கள் உழைப்பு தங்கள் பெயரில் நிற்க வேண்டும் என்று கேட்பதாகவே அதை நான் வாசிக்கிறேன். பெட்டிமுடிக்குப் பின் எட்டுக் குடும்பங்களுக்குக் குற்றியாறு பள்ளத்தாக்கில் அரசு தந்த நிலத்தில் தோட்டக் கம்பெனி வீடு கட்டிக்கொடுத்தது. அத்தகைய வீட்டுக்கு எழுபது உயிர் விலையாக வேண்டியிருந்தது.

7. வரட்டாற்றங்கரையில்

கிழக்குச் சித்தூரின் துன்பம் ஓரிரவில் வருவதில்லை, ஆண்டுக்கணக்கில் வற்றுகிறது. பாலக்காட்டுக் கணவாயின் வறண்ட பக்கம் இது. பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி வரும் நீரை நம்பியே சித்தூர் வயல்கள் இருக்கின்றன. வடகரப்பதி போன்ற மேட்டு ஊர்களுக்கு அதுவும் எட்டாமல் ஆழ்துளைக் கிணறுகள் ஆழமாகிக்கொண்டே போகின்றன. பக்கத்துப் பிளாச்சிமடையில் கோக்கோ கோலா ஆலைக்கு எதிராக 2002இல் மயிலம்மா முதலிய பழங்குடிப் பெண்கள் போராட்டம் தொடங்கியதும் தண்ணீருக்காகத்தான்.

இங்கே 126ஆம் சங்கீதம் தனி வலிமை பெறுகிறது. கண்ணீரோடு விதைக்கிறவர் மகிழ்ச்சியோடு அறுப்பர் என்ற அதன் கருத்து எல்லாருக்கும் தெரியும். அதற்கு முந்தைய விண்ணப்பத்தைக் கவனிப்பவர் குறைவு. நெகேபின் நீரோடைகளைப் போல எங்கள் நிலையை மாற்றும் என்று கேட்கிறது அது. நெகேப் என்பது யூதேயாவின் தெற்கிலுள்ள வறள்நிலம். ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் ஓடைகள், எங்கோ மலையில் பெய்த மழையால் திடீரென்று பெருகும். வரட்டாறும் கோரையாறும் ஓடும் ஊர்க்காரருக்கு விளக்கவுரை தேவையில்லை. நம்பிக்கை அங்கே மனநிலையைக் குறிக்கவில்லை. சாப்பிட வேண்டிய தானியத்தை மண்ணில் போடுவதைக் குறிக்கிறது. அழுகை நிற்கும்வரை விதைப்பு காத்திருப்பதில்லை. இரண்டும் ஒரே நடையில் நடக்கின்றன.

8. ஒரு மறுப்பு

இவ்வளவும் சொன்னபின் ஒரு கடுமையான மறுப்பை எதிர்கொள்ள வேண்டும். கடவுளிடம் அழுதால், கம்பெனியிடமும் அரசிடமும் கேட்க வேண்டிய கேள்வி மழுங்கிவிடாதா? பெட்டிமுடி நடந்த மறுநாள் கரிப்பூரில் விமானம் நொறுங்கியது. அங்கே இறந்தவர் குடும்பங்களுக்குக் கேரள அரசு பத்து லட்சம் அறிவித்தது. பெட்டிமுடிக்கு அறிவிக்கப்பட்டது ஐந்து லட்சம். இந்த வேறுபாடு அன்றே பலத்த கண்டனத்துக்குள்ளானது. அது மனிதர் செய்த முடிவு. அதை இறைசித்தமென்று ஜெபத்துக்குள் புதைத்தால் வழிபாடு அநீதிக்கு உடந்தையாகும்.

மறுப்பு நியாயமானது, ஆனால் அது தாக்குவது நம் வாசிப்புப் பழக்கத்தை, நூலை அன்று. சங்கீதங்களில் முறையீடு ஒரே முகவரிக்குப் போவதில்லை. 10 ஏழையை வேட்டையாடுபவனைச் சுட்டுகிறது. 82 நீதிபதிகளைக் கூண்டில் ஏற்றுகிறது. 94 சட்டத்தின் பெயரால் தீமை செய்பவர்களைப் பேசுகிறது. 72 ஏழைக்கு நியாயம் செய்வதே அரசனின் தகுதி என்கிறது. கடவுளிடம் ‘ஏன்’ என்று கேட்கப் பழகிய நாவு, மேலாளரிடம் கேட்க நடுங்குமா? மூணாற்றில் 2015 செப்டம்பரில் போனஸ் இருபது சதவீதத்திலிருந்து பத்தாகக் குறைக்கப்பட்டபோது, பெண் தொழிலாளர்கள் சங்கத் தலைவர்களையும் விலக்கிவிட்டுச் சாலையில் அமர்ந்தார்கள். பொம்பிளை ஒருமை என்ற பெயர் கேரளம் முழுக்க ஒலித்தது. அந்தப் போராட்டத்துக்கு வேதநூல் காரணம் என்று நான் சொல்லவில்லை; இந்துவும் கிறிஸ்தவரும் அதில் ஒன்றாகவே இருந்தார்கள். எத்தனை காலம் என்று உரக்க, கூட்டமாக, பொதுவெளியில் கேட்கும் அதன் வடிவம் சங்கீதத்துக்கு அந்நியமன்று என்றே சொல்கிறேன். ஞாயிறு காலையில் அந்தக் கேள்வியைக் கேட்கத் தடைபோடும் ஆலயம், திங்கள் காலையில் அதைக் கேட்பவளுக்குத் துணை நிற்க முடியாது.

9. சபைகளுக்கு

என் முடிவு இது. சங்கீதங்களின் நம்பிக்கை முறையீட்டின் வழியாக மட்டுமே நேர்மையாக வந்தடையக்கூடியது. உறுதிமொழிச் சங்கீதங்களை முறையீட்டுச் சங்கீதங்களிலிருந்து பிரித்தெடுத்து வழங்கும் பழக்கம், துன்பப்பட்டவரைத் தனிமைப்படுத்துகிறது.

எனவே மலைச் சபைகளின் ஆயர்களுக்கும் பங்குத்தந்தையருக்கும் உபதேசியாருக்கும் ஒரு வேண்டுகோள். ஆகஸ்ட் 6 வரும் வாரத்தில் 69ஐயும் 88ஐயும் ஒருவர் ஒரு வசனம், சபை மறுவசனம் என்று முழுமையாக வாசியுங்கள். கடைசி வரிக்குப் பின் ஆறுதல் வரி எதையும் சேர்க்காதீர்கள். லயத்துப் பெண்களுக்கு ஒப்பாரி தெரியும். அவர்கள் விரும்பினால் ஆலயத்துக்குள் அழ விடுங்கள். 46ஐயும் 121ஐயும் அதன்பின் எடுங்கள். அந்த ஆராதனையின் மன்றாட்டில், லயத்தில் வாழ்பவர்களுக்குச் சொந்த நிலமும் வீடும் வேண்டும் என்ற கோரிக்கையையும் பெயர் சொல்லிச் சேருங்கள்.